அந்நியர் 4

மோபெனியில் மூடிக்கிடந்த சட்டை ஆலைக்குள்
விண்கலம் ஒன்று கட்டியிருந்தார்கள்.
கழிப்பறை எந்தப் பக்கம் என்று
யாரும் எனக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை.
பதினேழு வருஷம் அங்கே காலர் தைத்தவள் நான்.
இப்போது கலத்தை ஓட்டும் பலகை நிற்கிற இடத்தில்தான்
என் மெஷின் நின்றது. மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.

தாளில் தனபாக்கியம் என்ற பேர் இல்லை,
"அந்நியர் 4" என்றிருந்தது.
ஊதாச் சாயம் பூச வந்த பெண் சொன்னாள்:
உங்கள் தோலுக்கு அடிப்பூச்சே வேண்டாம்,
அரை மணி நேரம் மிச்சம்.
பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னாள்.
நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்,
எங்கே வைத்தேன் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

கதை நடப்பது முந்நூறு வருஷம் கழித்து.
அப்போதும் கேப்டன் வெள்ளைக்காரர்.
டாக்டர் கறுப்பர். நல்லவர், நிதானமானவர்,
ஆகவே மூன்றாம் எபிசோடில் சாகிறார்.
எஞ்சின் பழுதுபார்ப்பவன் இந்தியன்.
ஃபீனிக்ஸிலிருந்து வந்த சாக்ரனுக்கு
இந்தியன் எப்படிப் பேசுவான் என்று பழக்க
லண்டனிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தார்.
"தலையை இன்னும் கொஞ்சம் ஆட்டு."
நாலு தலைமுறையாக டர்பனில்
யாருக்கும் ஆடாத தலை அது.

எனக்குப் பக்கத்தில் தண்டேகா, அந்நியர் 5.
உம்லாசியில் கணக்கு டீச்சர், பள்ளிக்கு லீவு.
அவளுக்கு வசனம் கிடையாது, உறுமல் மட்டும்.
எப்படி உறும என்று கேட்டாள்.
"இயல்பாக" என்றார்கள்.

கேப்டன் கையைத் தூக்கிச் சுட்டபோது
இடது அக்குளில் தையல் விட்டிருந்தது.
முந்நூறு வருஷம் கழித்தும் ஓவர்லாக் சரியில்லை.
பார்த்தேன். சொல்லவில்லை.

பிறகு இயக்குநர் என்னிடம் வந்தார்:
உங்களுக்கென்று ஏதோ பாஷை உண்டாமே,
அதில் எதையாவது சொல்லுங்கள்,
பயங்கரமாக இருக்கட்டும்.

நெற்றியில் ஒரு ரப்பர் கண்.
வியர்வையில் கழன்று புருவத்துக்கு வந்திருந்தது.
விளக்குகள் எரிந்தன. அவசரத்துக்கு
தேவாரமா வரும்?
கை இரண்டையும் விரித்து முழங்கினேன்:
"இது நேத்து மீனு! கண்ணைப் பாரு, செவுளைப் பாரு!
பாதி விலைக்குத் தாறியா, இல்லையா?"

கட். அற்புதம் என்றார்கள்.
சாக்ரன் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்
குலுங்கிக்கொண்டிருந்தான்.
அதை நடுக்கம் என்று படத்தில் வைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் ஒளிபரப்பு. எங்கள் வீட்டில் பதினாலு பேர்.
நான் முழங்க முழங்க
திரைக்கு அடியில் வெள்ளை எழுத்து ஓடியது:
"உங்கள் உலகம் இனி எங்களுடையது.
உங்கள் குழந்தைகளை உண்போம்."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் டீ சிந்தி
சோபா பாழானது. பாவம், புது சோபா.
என் மகன் மட்டும் சிரிக்கவில்லை.
"மற்றவர்களுக்கு
அந்த எழுத்துதானேம்மா கேட்கும்" என்றான்.
யாரும் பதில் யோசிப்பதற்குள்
கரண்ட் போய்விட்டது.

சனிக்கிழமை, பங்களாதேஷ் மார்க்கெட்.
ஒரு சூரையின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.
கடைப்பையன் என்னைக் கண்டுகொண்டான்,
இரண்டு கையையும் மேலே தூக்கிச் சரணடைந்தான்.
கடைக்குக் கடை சிரிப்பு பரவியது.
நல்ல மீன். அன்றைக்குப் பிடித்தது.
சொன்ன விலையைக் கொடுத்தேன்.

பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு பெண்
கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.
இடம் விடுவதற்காகவும் இருக்கலாம்.
"தலையை வெட்டிக் கொடுப்பா" என்றேன் பையனிடம்.
சொன்ன பிறகு, ஏனோ,
குனிந்து காலடியைப் பார்த்தேன்,
செதில் ஒட்டிய ஈரச் சிமெண்டில்
என்ன எழுத்து ஓடுகிறதென்று.