வேனுக்கு வெளியே ஓர் அடுப்பு

முகத்துவாரத்தில், மீன் லொறிகள் திரும்பும் வளைவில்
நிற்கிறது எங்கள் வேன்.
ஓடுவதற்காக வாங்கியது.
மூன்று மாதமாக அதுவே விலாசம்.

உள்ளே இரட்டை அடுப்பு உண்டு.
சூடை மீன் பொரித்தால்
தலையணை ஒரு கிழமைக்கு மணக்கும்.
வேனின் இடுப்பில் சின்னக் கதவொன்று,
திறந்தால் பித்தளை வாய்.
வெளியில் வைத்துச் சமைக்கிறவர்களுக்காம்.
முன்பு வைத்திருந்தவர் ஒருநாளும் திறக்கவில்லை,
சிலந்தி குடியிருந்தது.

பஞ்சிகாவத்தையில் ரெஜினோல்ட் பேரம் பேசி
ஒற்றை அடுப்பொன்று வாங்கி வந்தார்,
குழாயோடு, குழாய் நுனியில்
சாம்பல் தொப்பி போட்ட ரெகுலேட்டரோடு.
"எல்லாம் சேர்த்தே தந்தான்" என்றார்,
சீதனம் கிடைத்தவர் போல.

மாட்டினோம். பற்றவைத்தோம்.
மாதா சுரூபத்தடியில்
மழை நனைத்த மெழுகுதிரிக்குக்கூட
இதைவிடத் தைரியம் இருக்கும்.

அரைமணி நேரமாகியும் தண்ணீர் இளஞ்சூடு.
ரெஜினோல்ட் காற்றைத் திட்டினார்,
கடலை, காஸ் கம்பனியை. பிறகு
சிலிண்டரைத் தோளில் சுமந்துபோய் மாற்றி வந்தார்.
புதுச் சிலிண்டரிலும் அதே மெழுகுதிரி.
என்னைத் திட்டவில்லை.
பார்த்தார்.

பளீல் நானா ஸ்பேனரோடு வந்தது ஞாயிறு பின்னேரம்.
தையல் பிரிந்த இடம் தேடுகிறவர் மாதிரி
குழாயை விரலால் தடவிக்கொண்டே போய்
நுனியில் நின்று சிரித்தார்.
"தங்கச்சி, சிலிண்டருக்குப் பக்கத்துல ஒண்டு இரிக்கி.
அது அடக்கித்தான் அனுப்புது.
இங்க இன்னொண்டு. அடக்கினதத் திரும்ப அடக்குது.
பொறகு அடுப்புக்கு என்ன மிஞ்சும்?"

எனக்கு ஆமர் வீதி ஞாபகம் வந்தது.
ஒரு சாவடியில் பையைத் திறந்து காட்டி,
சற்றுத் தள்ளி மறுபடியும் திறந்து காட்டி,
வேலைக்குப் போய்ச் சேரும்போது
காலை வணக்கம் சொல்லவும் குரல் இருக்காது.
நானாவிடம் அதைச் சொல்லவில்லை.
அவர் பையும் திறந்துதான் இருக்கும்.

அடுப்பைக் கவிழ்த்து எண்ணைத் தேடி வாசித்தார்: முப்பது.
வேனின் ரெகுலேட்டரில்: முப்பது.
"சரிவரும்" என்று
சாம்பல் தொப்பியை வெட்டியெடுத்தார்.
"எதைக் கழட்டுற எண்டு தெரிஞ்சு கழட்டணும்.
அங்க உள்ளதக் கழட்டினா
புருவம் மிஞ்சாது."

புதுக் கிளிப் ஒன்று.
சவுக்காரம் கரைத்த தண்ணீர், பழைய பல் பிரஷ்.
மூட்டில் தடவிவிட்டு
மூன்று பேரும் குனிந்து பார்த்திருந்தோம்.
ஒரு குமிழ் எழுந்தது,
மெல்லக் கொழுத்து,
துறைமுகத்துக் கிரேன்களைத் தன்மேல் வளைத்துக்கொண்டு.
அழகாகத்தான் இருந்தது.
"கசியுது" என்றார். அரைச் சுற்று. மறுபடி தடவல்.
இம்முறை நுரை சும்மா காய்ந்தது.

போகுமுன் சிலிண்டர் பெட்டியைத் திறந்தார்.
அடித்தகட்டில் ஒரு துளை.
துளைக்குள் ரெஜினோல்ட்டின் பழைய பனியன்.
"இது என்ன?"
"கரப்பான் வருது."
நானா பனியனை உருவியெடுத்தார். சிரிக்கவில்லை.
"காஸ் புகை மாதிரி மேல போகாது, தண்ணி மாதிரி.
பள்ளம் பார்த்துப் படுக்கும்.
அது வெளிய போகத்தான் இந்த ஓட்டை."

மூன்று மாதம்.
அந்தப் பெட்டிக்கும் எங்கள் தலைகளுக்கும் இடையில்
ஒரு பலகை.
ரெஜினோல்ட் பனியனை மடித்துக்கொண்டிருந்தார்,
கிழிந்த பனியனை, நான்காக, எட்டாக.

இரவு, சுடர் நீலமாக நின்று இரைந்தது.
சூடை பொரிந்தது. மணம் தெருவோடு போனது.
லொறிக்காரன் ஒருவன் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான்.

படுக்குமுன் பித்தளை வாயை அடைத்தேன்.
சின்னக் கதவைச் சாத்தினேன்.
பெட்டிக்குள் கைவிட்டுத் துளையில் விரல் வைத்தேன்.
கடற்காற்று வந்தது, உப்போடு.
அதன் பின்னால் மீசையை ஆட்டிக்கொண்டு
ஒரு கரப்பான்.

வா, என்றேன்.