ஒன்பதாம் கம்பம்

புதன்கிழமை காலை பத்து மணிச் சோதனையில்
பெட்ரா மான்சாவின் எட்டு அபாயச் சங்குகள் அலறின.
ஒன்பதாவது வாய் திறக்கவில்லை.

படிவத்தில் இதற்கும் ஒரு கட்டம் உண்டு:
'பெரும்பாலும் வெற்றி'.
அதில் குறியிட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.
போயிருக்கிறேன், முன்பு.

ஒன்பதாம் கம்பம் நிற்பது
பள்ளத்தாக்கின் கடைசித் தெருவில்.
மேலே மலையிடுக்கை அடைத்து
இரும்புத்தாது கழுவிய சேறு
நாற்பது வருடமாய் உயர்ந்துகொண்டிருக்கிறது.
கீழே பதினேழு வீடு, ஒரு ரொட்டிக்கடை,
கொடியில் யாரோ மறந்த போர்வை,
சக்கர நாற்காலியில் சுல்மீரா.

அணை உடைந்தால் சேறு இங்கே வந்து சேர
ஆறு நிமிடம் என்கிறது வரைபடம்.
கால்பந்து மைதானத்து மேட்டுக்கு
சுல்மீராவைத் தள்ளிக்கொண்டு போகப் பதினொன்று.
நானே தள்ளிப் பார்த்தேன், மூன்று முறை.
மூன்றாம் முறை அவள் நாற்காலியின் தடையை அழுத்தினாள்.
"எதுக்கு இப்படி வேர்க்கிறாய்?
அந்த அஞ்சு நிமிஷம் யாரிடம் இருக்கிறது என்று
முதலில் விசாரித்துக்கொண்டு வா."

விசாரித்தேன்.
தலைநகர அலுவலகத்தில் அதற்கு ஒரு சொல் இருந்தது:
எஞ்சிய அபாயம்.
எஞ்சியது என்றால் எனக்குத் தெரிந்தது
பானையடியில் ஒட்டிய பீன்ஸ்தான்.

கம்பத்தில் ஏறினேன்.
தலைக்கவசம், இடுப்புப் பட்டை, இரண்டு கொக்கி.
சட்டப்படி என் உயிர் இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருந்தது.
கீழே ரொட்டிக்கடை அபரிசியோ
மாவுக் கையோடு அண்ணாந்து நின்றான்.
அவன் உயிர்
எதிலும் கட்டப்பட்டிருக்கவில்லை.

சங்கின் வாய்க்குள் ஒரு கூடு.
களிமண் ஜோவாவ் என்று இங்கே கூப்பிடும் குருவி
வாசல் வைத்து, சுவர் வளைத்து
பாதி கட்டியிருந்தது. முட்டை இல்லை.
உடைக்கக் கை வைத்தேன்.
விளிம்பு விரலில் ஒட்டியது.

ஈரம்.

மழை நின்று நூறு நாள்.
ஓடை வெடித்துக் கிடக்கிறது.
தெருக்குழாயில் காற்றுதான் வருகிறது.
இத்தனூண்டு அலகுக்கு
எங்கே கிடைத்தது சேறு?

நிறம் பார்த்தேன்.
கரையில் இருப்பது மஞ்சள் மண்.
இது ஊதா கலந்த சிவப்பு,
வெயிலில் திருப்பினால் மினுங்குகிறது.
என் சட்டைக் காலரில் எந்தச் சோப்புக்கும் போகாத நிறம்.

கம்பத்தடியில் காத்திருந்தேன்.
குருவி வந்தது, கூடில்லாததைப் பார்த்தது,
ஏதோ திட்டியது, போனது.
போன திசையில் நானும் போனேன்.

அணை அடிவாரத்தில், இடுப்பளவு புல்லுக்குப் பின்னால்
உள்ளங்கை அகலத்தில் ஒரு கசிவு.
சத்தமே இல்லை.
நாற்பதடி தள்ளி, பூட்டிய மூடிக்குள்
பன்னிரண்டாம் எண் அளவுகோல்
பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

'தகவல் அளித்தவர்' என்ற கட்டத்தில்
குருவி என்று எழுதினேன்.
மேலாளர் எதிவால்டோ அதை அடித்துவிட்டு
'வழக்கமான ஆய்வு' என்று எழுதினான்.
ஆனால் கையெழுத்திட்டான். அவன் கை நடுங்கியது,
அதையும் சொல்ல வேண்டும்.

சாயங்காலத்துக்குள் கடைசித் தெரு காலி.
யாரும் ஓடவில்லை.
அபரிசியோ மறுநாளைக்குப் பிசைந்த மாவை
அண்டாவோடு லாரியில் ஏற்றினான்.
கோழிகளைப் பிடிக்கத்தான் நேரமானது.
போர்வை கொடியிலேயே கிடந்தது.

பள்ளிக்கூட வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே
கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள் சுல்மீரா.
"கிடைத்ததா அஞ்சு நிமிஷம்?"
"பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள்."
"அப்புறம்?"

அப்புறத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இப்போது ஒன்பதாம் சங்கு நன்றாகவே அலறுகிறது,
காலியான பதினேழு வீட்டைப் பார்த்து.
நான் காலையில் முதல் வேலையாக
கம்பங்களை அண்ணாந்து பார்க்கிறேன்.
ஏழாவதில் மறுபடி கட்ட ஆரம்பித்திருக்கிறது.
ஏணி போட்டு ஏறி, விரலால் தொட்டு,
நிறம் பார்த்துவிட்டு
இறங்குகிறேன்.