ஈரப்பதக் கழிவு

கிளப் கழித்துக்கட்டிய மூன்று ரைஃபிள்களில்
நடுவில் கிடந்தது இது.
பாயின்ட் டூ டூ. குழலில் எண் மட்டும் பளிச்.
கட்டையில் யாரோ காம்பஸ் முனையால்
பெயர் எழுதத் தொடங்கி
முதல் எழுத்தோடு விட்டிருந்தார்கள்.
"இருபத்திரண்டாயிரம். அதுவும் மெம்பர்ங்கறதால"
என்றார் செயலாளர் சிங்காரவடிவேலு.

நான் இடதுகைக்காரி.
பதினோரு வருஷமாக
வலதுகைக்காரர்களின் கட்டையில் கன்னம் வைத்துச் சுட்டவள்.
மேடு அந்தப் பக்கம், என் எலும்பு இந்தப் பக்கம்.
போல்ட்டை மாற்ற முடியாது,
எட்டி இழுத்துக்கொள்வேன்.
கட்டையை மாற்றலாம்.

வேலை கொரடாச்சேரிப் பக்கம்
நெல் கொள்முதல் நிலையத்தில். பட்டியல் எழுத்தர்.
பதினேழு சதம் ஈரம் வரைக்கும் எடுப்போம்.
மேலே போனால்
களத்தில் கொட்டு, காயவை, நாளைக்கு வா.
விலை என் மேசைக்கு வரும்போதே
அச்சாகி வருகிறது.
கழிக்கத்தான் நான்.

கழித்தேன்.
குழல் வாயில் நசுங்கல், இரண்டாயிரம்.
வெளிச்சத்துக்குப் பிடித்தால்
உள்வரியில் துருப்புள்ளி, ஆயிரத்து ஐந்நூறு.
கழுத்தில் மயிரிழை விரிசல்
(எப்படியும் எனக்கு உதவாத கட்டை), நாலாயிரம்.
பின்குறித் திருகு வழுக்குகிறது, ஐந்நூறு.
மீதி பதினாலாயிரம்.

துண்டுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"உங்க சென்டர்லயும் இப்படித்தானாம்மா?"

அவருக்குக் குடவாசல் பக்கம் ஆறு மா நிலம்.
போன தையில் அவர் மூட்டைகள்
பதினெட்டுப் புள்ளி நாலு காட்டியதும்
மூன்று ராத்திரி தார்ப்பாய்க்கடியில் கிடந்ததும்
என் எழுத்தில்தான் இருக்கிறது.
திருகுக்குப் போட்ட ஐந்நூறை அடித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

உரிமத்தில் ஏற நாற்பது நாள் ஆகுமாம்.
துப்பாக்கி கிளப் இரும்புப் பெட்டியில்,
கழற்றிய கட்டை மட்டும் அளவுக்காக
பஸ்ஸில் என் மடியில்.
"என்னம்மா, உடைஞ்ச மட்டையா?"
ஆமாம் என்றேன். பாதி டிக்கெட் கேட்காமல் போனார்.

ஃபைபர் ஒன்பதாயிரம், கோயம்புத்தூரிலிருந்து வரும்.
மழைக்கு அசையாது.
கன்னத்துக்குப் பழகவும் பழகாது.
வால்நட் விலையைக் கேட்டுவிட்டு
போனை நானே வைத்தேன்.
ஈட்டிக்கு பெர்மிட். தூக்க ஒரு ஆள்.
தேக்குதான் எல்லாரும் சொன்னார்கள்,
கதவுக்கும் சொன்னவர்கள், கட்டிலுக்கும் சொன்னவர்கள்.

நீடாமங்கலம் அறுப்பு மில்லில்
நத்தர்ஷா ஒரு பூவரசுத் துண்டைக் காலால் தள்ளினார்.
வாய்க்கால் சுவர் கட்ட வெட்டிய மரம்.
நடு வைரம் கருஞ்சிவப்பு,
தோல் உரிந்த முழங்கால் மாதிரி.
"இதுல வண்டிச் சக்கரம் செஞ்சாங்க, படகு செஞ்சாங்க.
சுட்டாங்களான்னு தெரியாது" என்றார்.
அறுநூறு ரூபாய்.
நான் ஒன்றும் கழிக்கவில்லை.

ஆனால் ஐப்பசியை நினைத்தேன்.
எங்கள் வீட்டுக் கதவு
ஐப்பசியில் தோளால் தள்ளினால்தான் திறக்கும்.
கட்டை ஊதிக் குழலைத் தொட்டால் போதும்,
ஐம்பது மீட்டரில்
ஒரு விரற்கடை தள்ளிப் போகும் குண்டு.
குறி பார்த்தவளுக்குத் தெரியாது.
மூச்சைத்தான் சந்தேகப்படுவாள்.

மறுநாள் காலை நெல் வருமுன்
மரத்தூளை மீட்டர் கிண்ணத்தில் போட்டேன்.
நெல்லுக்குச் செய்த மீட்டர் அது,
மரத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?
இருந்தும் கூசாமல் காட்டியது:
பத்தொன்பது புள்ளி ஒன்று.

களத்து ஓரம், தார்ப்பாய் விளிம்பில்
பலகையைக் கிடத்தினேன்.
பக்கத்தில் பொன்மலர் தன் நெல்லைக்
காலால் துழாவிக்கொண்டிருந்தாள்,
அவளுக்கு இரண்டாம் நாள்.
பதினொரு மணி வெயில் ஏறியதும்
மேசையிலிருந்து பார்த்தேன்:
அவள் குனிந்து என் பலகையையும்
மறுபக்கம் புரட்டிப் போட்டாள்.
எத்தனை காட்டியது என்று கேட்கவில்லை.