முப்பத்தொன்று

ஏப்ரல் கடைசி. கூரையில் இன்னும் பனி.
விடியுமுன் தபால் நிலையத்திலிருந்து ஜெரால்டீன் கூப்பிட்டாள்:
"உன் பெட்டி கத்துகிறது, வந்து எடுத்துப் போ."
பள்ளிப் பேருந்தை எடுக்க ஒரு மணி நேரம் இருந்தது.
அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே காரோட்டினேன்.
தொடை முழுக்கப் பொடிப்பொடியாய்ச் சூடு.

முப்பதுக்குத்தான் பணம் கட்டியிருந்தோம்.
எண்ணினால் ஒன்று கூடுதல்.
வழியில் ஏதாவது செத்தால் ஈடாகட்டுமென்று
பொரிப்பகத்தில் ஒன்று சேர்த்துப் போடுவார்களாம்.
எதுவும் சாகவில்லை.

பெயர் வைக்கக் கூடாது என்பது ரெனால்டின் சட்டம்.
நான் வைக்கவில்லை.
இடது காலில் ஒரு விரல் கோணலாய் இருந்ததை மட்டும்
முப்பத்தொன்று என்று கூப்பிட்டேன்.
எண் எப்படிப் பெயராகும் என்றேன்.
அவன் தீனி வாளியிடம் சிரித்துக்கொண்டான்.

எட்டு வாரம்.
தினமும் காலையில் அடியில்லாத கூண்டை
ஓர் ஆள் நீளம் புல்லில் இழுத்து வைப்போம்.
மற்றவை தொட்டிக்கு ஓடும்.
இது என் ரப்பர் பூட்ஸின் மேல் ஏறி உட்காரும்,
ஏதோ பேருந்து நிறுத்தம் போல.
தலை எண்ணுவது என் தொழில்;
பிள்ளைகள் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை.
சாயங்காலம் இங்கும் எண்ணுவேன்,
கடைசி எண்ணில் கொஞ்சம் நின்று.

ஜூன். கருப்பு ஈக்கள் காதுக்குள் புகும் காலம்.
சாலைத் துறையின் ஆரஞ்சுக் கூம்பு ஒன்றை நுனி வெட்டி
மேப்பிள் மரத்தில் தலைகீழாய் அறைந்திருந்தான் ரெனால்ட்.
தலைகீழாய் விட்டதும் கோழி அமைதியாகிவிடும்.
அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்காதது.
நான் தலையைப் பிடித்தேன், அவன் அறுத்தான்.
விரல்களுக்கு நடுவே சின்ன இமை ஒன்று
கீழிருந்து மேலாக மூடியது.

பிறகு வேலை. வேலை நல்லது.
அண்டாவில் வெந்நீர், கொதிக்கக் கூடாது, தோல் கிழியும்.
ஆல்ஃபி ஊலெட் கொண்டுவந்த இறகு பிடுங்கும் யந்திரம்,
பழைய சலவை உருளைக்குள் ரப்பர் விரல்கள்,
ஊருக்கே கேட்கும் சத்தம்.
குடலை இழுக்கையில் என் கை அவ்வளவு கதகதப்பாய் இருந்தது,
ஏப்ரலில் மடியில் இருந்ததே, அதே சூடு.
இரைப்பையைப் பிளந்தால் எங்கள் முற்றத்தின் சரளை.

முப்பது முடிந்தது.
ரெனால்ட் கத்தியைக் கழுவினான்.
கழுவிய கத்தியை மறுபடி கழுவினான்.
"அது இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றான்,
சட்டம் போட்டவன்.

இருந்தது. ஆனால்
எட்டு வாரத்துக்கென்று வார்த்த உடம்பு அது,
ஒன்பதாவது வாரத்துக்கு அதில் இடமில்லை.
ஜூலையில் கால் தாங்கவில்லை.
படுத்தபடி தின்றது, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது,
கொண்டை நாவல் நிறத்துக்குப் போனது.
பூட்ஸை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.
ஏறப் பார்த்தது.

ஒருநாள் இரவு "கத்தியை எடுக்கவா" என்று கேட்டான்.
நாளைக்கு என்றேன்.
விடிந்தபோது தண்ணீர்த் தட்டருகே மல்லாந்து கிடந்தது,
கோணல் விரல் வானத்தைக் காட்டிக்கொண்டு.
அந்த ஒரு இரவுக்கு யார் பொறுப்பு என்று
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
உருளைக்கிழங்கு வயலின் ஓரத்தில் புதைத்தோம்.
மற்ற முப்பதும் கூம்பில் அரை நிமிடம்கூடக் கஷ்டப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடுகிறோம்,
பிளாய் ரொட்டியைக் குழம்பில் தோய்த்து.
ருசியாகத்தான் இருக்கிறது.
இல்லையென்று சொன்னால் அதுவும் ஒரு துரோகம்.

ஜனவரி. வெளியே பனி வாருகிற வண்டியில் ரெனால்ட்.
நான் மேசையில் பொரிப்பகத்தின் படிவத்தை நிரப்புகிறேன்.
எண்ணிக்கை: முப்பது.
குறிப்பு என்ற கட்டத்தில்
'சரியாக எண்ணி அனுப்பவும்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்தது தெரியாமலிருக்க
மேலே தபால்தலை ஒட்டலாமா என்று பார்க்கிறேன்.