வாய்தா வரைக்கும்

எல்போ சரியாகக் கோட்டின் மேல் இருக்கிறது.
சர்வேயர் சங்கிலி போட்டு அளந்த அன்றைக்குச்
சுண்ணாம்புக் கோடு வாசலைத் தாண்டி
துவைக்கிற கல்லைத் தாண்டி
இடுப்பளவுச் சுவரின் தலையில் ஏறி
பைப்பு திரும்புகிற முடக்கில் போய் நின்றது.
அரை எல்போ மூத்தவர் பங்கு.
அரை எங்களுடையது.
ஒழுகுவது எந்த அரை என்று
பல்லடம் கோர்ட்டில் இன்னும் கேட்கவில்லை.

மாற்றினால் மாற்றினவர் அனுபோகம் ஆகிவிடும் என்று
அவர்கள் வக்கீல் சொன்னாராம்.
எங்கள் வக்கீலும் அதையேதான் சொன்னார்,
பீஸ் தனியாக.
"இருக்கிற நெலையிலயே இருக்கோணும்னு உத்தரவுங்க.
வேணும்னா தற்காலிகமா என்னத்தையாச்சும் சுத்திக்குங்க."
எம்சீல்?
"அது கல்லாயிருமுங்க. கல்லானா கட்டுமானம்."

பிளம்பர் சென்னியப்பன் வந்து பார்த்தார்.
முப்பது ரூவா எல்போ, கால் மணி நேர வேலை,
இதுக்கு ரெண்டு வக்கீலுங்களா என்று
ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
டீ குடித்துவிட்டுப் போனார்.

எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி,
அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல்.
முதலில் குழாய்க்குள் காற்று செருமும்.
அப்புறம் முடக்கில் சொட்டும்.
அப்புறம் அதைச் சொட்டென்று சொல்ல முடியாது.
எங்கள் பக்கம் ஈயக் குண்டா.
அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் போசி.
இருட்டில் படுத்துக்கொண்டே சொல்லலாம்
யார் பங்குக்கு அதிகம் விழுகிறதென்று.
என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

தண்ணி நின்ற மறுநாள், அவர் தறிக்குப் போன பின்னால்,
சைக்கிள் டியூப்பை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டினேன்.
ஈரத்தை ஒத்தி எடுத்து
உப்புக் கறையைச் சுரண்டி
விரிசலில் பார் சோப்பை அழுத்தித் தேய்த்து
வெள்ளை டேப்பு பத்துச் சுற்று.
அதன் மேல் டியூப்பை
அறுந்துவிடும் என்கிற வரைக்கும் இழுத்து
பாதி மேல் பாதி ஏற்றிக்கொண்டே போகவேண்டும்.
இழுவை விட்டால் போச்சு.
ஒவ்வொரு சுற்றுக்கும் கை
கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்
வளைந்து வந்தாகவேண்டும்.
பதினாலு சுற்று.
பதினாலு தடவை அத்துமீறினேன்.
கடைசியில் கட்டுக்கம்பி முறுக்கினேன்,
முனையை எங்கள் பக்கமாக மடக்கி.

அந்த வாரம் தண்ணி வந்தபோது
ஒரு சத்தமும் இல்லை.
நெம்ப நேரம் கழித்து
அந்தப் பக்கம் கொலுசு,
காலிப் போசியைக் கவிழ்த்து வைக்கிற சத்தம்.

ஆடிக் காற்று வெயிலையும் புழுதியையும் கொண்டுவந்து கொட்டியதில்
ரப்பர் வெடித்திருக்கும் என்று போய்ப் பார்த்தேன்.
என் டியூப்பு தெரியவில்லை.
மேலே மஞ்சள் பனியன் துணி,
கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற ரிப் பட்டை,
மெழுகில் முக்கி எடுத்தது.
தொட்டுப் பார்த்தேன். சுற்று எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது.

துளசிமணியக்கா இடக்கைக்காரி.
ஒரே அடுப்படியில் ஆறு வருஷம்,
பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்தால்
என் முழங்கையும் அவள் முழங்கையும்
இடித்துக்கொண்டே இருக்கும்.
தள்ளி உட்காரு என்பாள். தானும் தள்ள மாட்டாள்.

நான் சுற்றினது அவிழ்கிற திசையில்
அவள் சுற்றினது இறுகுகிறது.

இவர் கேட்டார், அதென்ன மஞ்சளா?
இருக்கிற நிலைதானுங்க என்றேன்.

போன வாரம் எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது.
அதற்கு முந்தின தடவை கேட்டது நாங்கள்.
அடுத்தது நவம்பர் பதினெட்டு.
மெழுகு வெயிலுக்கு இளகும், மழைக்குத் தாங்கும்.
டியூப்பு அப்படியில்லை.

கம்பெனி விட்டு வரும்போது
பஞ்சர் கடையில் நின்று பழைய டியூப்பு கேட்டேன்.
எந்த வண்டிக்குங்க என்றார்.
வண்டிக்கில்லீங்க.
அப்ப எத்தன நாளைக்குத் தாங்கோணும்?
அவர் கத்தரியைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.