முப்பத்தேழாவது கேள்வி

தக்கலை முகாமில் நாலாம் நாள்.
வெளியே அயினிமரத்தில் மழை.
மின்விசிறி நின்றுபோய்
சிவப்பு மை விரலில் பிசுபிசுக்கிறது.

x² + xy − 6y² + x + 13y + k
இரண்டு நேர்க்கோடுகளைக் குறிக்குமென்றால்
k என்ன?

காலையிலிருந்து ஒரே பாதைதான் வருகிறது.
முதல் மூன்று உறுப்பும் தானே பிளக்கும்:
x + 3y ஒரு பக்கம், x − 2y மறுபக்கம்.
ஆளுக்கொரு எண்ணைக் கையில் கொடுத்து
கெழுக்களை ஒப்பிட்டால் −2, 3.
பெருக்கினால் −6.
பாதிப்பேர் கடைசி வரியில் கழித்தல் குறியை
குடையைப்போல பஸ்ஸிலேயே விட்டு இறங்கியிருக்கிறார்கள்.
ஒன்று ஒன்றாய்க் குறைத்து
என் பேனா கருமியாகிவிட்டது.

இந்தத் தாளில் காரணியே இல்லை.
"கோடுகள் வெட்டும் இடத்துக்குப் போவோம்"
என்று ஒரு வரி. அதன் கீழே
2x + y + 1 = 0
x − 12y + 13 = 0
பிறகு ஒரு புள்ளி, (−1, 1).
அங்கே நின்று மொத்தத்தையும் கூட்டியிருக்கிறாள்,
அல்லது கூட்டியிருக்கிறான்.
6 + k = 0.
விடைக்கு அடிக்கோடுகூட இல்லை.

விடைக்குறிப்பைப் புரட்டினேன். இந்த வழி இல்லை.
உறையின் பின்பக்கம் நானே போட்டுப் பார்த்தேன்,
இரண்டு முறை.

"என்ன விஜிலா டீச்சர், அந்தத் தாள்லயே குடியிருக்கியளா?"
டார்வின் சார், சாயா டம்ளரோடு.
நீட்டினேன்.
நின்றபடியே மனசுக்குள் போட்டார்:
ஒன்று, கழித்தல் ஒன்று, கழித்தல் ஆறு...
உதடு பதிமூன்றில் நின்றது. சாயா ஆறியது.
"எந்த ஊர்ப் பிள்ளை?"
பெயர் கிழித்தெடுத்த தாள், சார்.
எந்த மாவட்டமோ.

இருபத்தாறு வருஷமாக k-ஐ
மீன் வாங்கிய பின் கையில் மிஞ்சும் சில்லறையாகத்தான்
கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.
x-ஐத் தொடாது, y-ஐத் தொடாது.
ஆனால் அது ஒரு துளி பிசகினால்
சந்திக்க வந்த இரண்டு கோடும்
கிட்டே வந்து, முகம் பாராமல்
வளைந்து விலகிவிடும்.
தெரியாததல்ல.
அந்த இடத்தில் போய் நின்றதில்லை, அவ்வளவுதான்.

மூன்றுக்கு மூன்று.
கட்டை நூல் சுற்றி எடுத்துப் போனார்கள்.

சாயங்காலம் அழகியமண்டபத்தில் பஸ் மாற இறங்கி
ஈரச் சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப்
பார்த்துக்கொண்டே நின்றதில்
கருங்கல் பஸ் ஒன்று
என்னை விட்டுவிட்டுப் போனது.