பொட்டலத்தின் பின்பக்கம்

மீன் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து
கையுறை நாற்றம் போக இருமுறை கைகழுவி
ஐந்தரைக்கு அடுப்பைப் போடுகிறேன்.
டிமரூவில் இன்னும் விடியவில்லை.
கடற்காற்று ஜன்னலை ஆட்டிப் பார்க்கிறது.

குளிர்பெட்டிக் கதவில் பள்ளியின் கடிதம்:
கடலை கூடாது, பாதாம் கூடாது,
முந்திரி கூடவே கூடாது.
சரி.
உலர்ந்த தேங்காய்த் துருவல் இரண்டு கோப்பை,
பூசணி விதை, சூரியகாந்தி விதை,
எள் கைபோன போக்கில்,
தேன் நுரைக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு.
துருவல் பொன்னிறம் தாண்டினால் கசக்கும்;
போன வாரம் தாண்டியது.

தட்டில் கொட்டிப்
பால் புட்டியால் அழுத்தி உருட்டுவேன்.
ஆறும்முன் வெட்டினால் உதிரும்.
ஆறும்வரை விழித்திருக்க யாரால் முடியும்?
உதிர்ந்ததைத்தான் மெரெயானா கொண்டுபோகிறாள்.
விரலை நக்கி, தொட்டுத் தொட்டுத் தின்கிறாளாம்.

நேற்று ஒரு தொலைபேசி.
"லாக்லனின் அம்மா பேசுகிறேன்.
அவன் இதுவரை
யார் டப்பாவிலிருந்தும் எதையும் எடுத்ததில்லை.
உங்கள் மகள் நீட்டியதையும் எடுக்கவில்லை.
ஆனால் வீட்டுக்கு வந்து
அதில் என்ன இருக்கும் என்று கேட்டான்."

பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப்
பொடியெழுத்தை வாசித்துக்கொண்டே வந்தேன்.
எள் பையில் தடுக்கினேன்:
'கடலை கையாளும் ஆலையில் நிரப்பப்பட்டது.'
மறுமுனையில் மூச்சு மட்டும்.

இன்று எள் இல்லை.
புதுப் பைகள், புதுத் தட்டு,
கைப்பிடி இடுக்குவரை தேய்த்த கத்தி.
மெரெயானாவின் டப்பாவுக்கு அருகே
லாக்லன் பெயரெழுதிய இன்னொன்று.

முதன்முறையாக ஆறக் காத்திருக்கிறேன்,
நின்றபடியே, கண் சொக்க.
ஒன்றாவது
உடையாமல் போகட்டும்.